கட்டாரில் இருக்கும் நமசிவாயம்

மார்கழி பிறந்துவிட்டால் வெள்ளவத்தைக் கல்யாண மண்டபங்களில் வௌவால் குடிவராத குறைதான். வருடம் முழுக்க முகூர்த்தம் முகூர்த்தம் என்று ஓடிய கூட்டம் திடீரென்று கைகால் ஓய்ந்து உட்காரும். நாதஸ்வரக்காரர் முழங்கால் வலிக்கு எண்ணெய் போடப் போவார், சமையல்காரர் மகள் வீட்டுக்குப் போவார், வீடியோக்காரர் கிறிஸ்மஸ் விருந்துகளுக்குத் தாவிவிடுவார். மார்கழியில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டுப் போனதால், நல்ல காரியத்தை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு மாதம் மூச்சுவிடக் கிடைக்கிறது.

மணப்பெண் அலங்காரம் செய்யும் சுதர்சினிக்கும் அந்த ஒரு மாதம்தான் ஓய்வு. நாற்பத்தைந்தைத் தாண்டியவள். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் தனியாக இருக்கிறாள். கொட்டாஞ்சேனையில் "ஆமா" என்கிறவள், வெள்ளவத்தை மண்டபத்துக்குள் காலை வைத்ததும் "ஓம்" என்பாள். பெண்ணின் தாய் எந்த ஊர் என்று பார்த்து நாக்கைத் திருப்பிக்கொள்வது அவளுடைய தொழிலில் பாதி. மற்றப் பாதி கை. கூறை மாற்ற ஐயர் விடுகிற கொஞ்ச நேரத்துக்குள், அழுகிற பெண்ணை அழவிட்டபடியே, ஓர் ஊசி மேலே குத்தாமல் சேலையைக் கட்டி வெளியே அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு ஒரு கணவர் உண்டு. பெயர் நமசிவாயம். கட்டாரில் குளிரூட்டி மெக்கானிக். நல்ல மனிதர், பேச்சுக் குறைவு, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டார். லீவு கிடைப்பதுதான் பெரிய கஷ்டம். அவரிடம் சொல்லும்படியாக ஒரே ஒரு குறைதான், அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை.

அவரை உண்டாக்கியவள் சுதர்சினி. ஜாதகத்தில் செவ்வாய்க் குற்றம் ஒரு பக்கம், பக்கவாதத்தில் விழுந்த அப்பா ஒரு பக்கம் என்று இருந்ததில், அவளுடைய கல்யாண வயது எப்போது வந்தது, எப்போது போனது என்று வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அப்பா போன பிறகு, படித்திருந்த அலங்கார வகுப்பை நம்பித் தொழிலில் இறங்கினாள். தனியாக எடுத்த முதல் கல்யாணம். பாதிச் சடை பின்னியாகிவிட்டது. பெண்ணின் மாமி ஒருத்தி உள்ளே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பிள்ளை, உம்மட அவர் எங்க வேலை?" என்று கேட்டாள். கல்யாணமாகாமல் முப்பதைத் தாண்டியவளின் கை மணப்பெண் தலையில் பட்டால் அந்த ராசி பெண்ணுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிற மாமி அவள். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் சீப்பைப் பிடுங்கிவிடுவாள். சுதர்சினி வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, "கட்டாரில" என்றாள்.

அன்றைக்குக் கழுத்தை மூடிய சட்டை போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போய், முலாம் பூசிய ஒரு சங்கிலியும் இரண்டு மெட்டியும் வாங்கினாள். சங்கிலியின் நுனி சட்டைக்குள் போய்விடும். உள்ளே என்ன தொங்குகிறது என்று யாரும் இழுத்துப் பார்க்கப்போவதில்லை. பெயர் கேட்டவர்களிடம் நமசிவாயம் என்றாள். பொய்தான் சொல்கிறோம், வாயில் சாமி பெயராவது வரட்டும் என்று ஒரு கணக்கு.

சும்மா இருந்த மனிதர் மெல்ல மெல்ல வளர ஆரம்பித்தார். ஒரு மணப்பெண்ணின் பெரியம்மாவுக்காக அவருக்கு நெஞ்சுச் சளி வந்தது. இன்னொருத்திக்காகச் சம்பள உயர்வு கிடைத்தது. பிள்ளை ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு, மனுஷன் வீட்டில் இருந்தால்தானே என்று ஒரு பெருமூச்சு. இரண்டு தரம் லீவிலும் வந்தார். அந்த நாட்களில் சுதர்சினி கதவைச் சாத்திக்கொண்டு பாணும் பருப்பும் தின்றுகொண்டு உள்ளேயே கிடந்தாள். தெரு பார்க்கட்டும் என்று ஓர் ஆண் சட்டையும் சாரமும் வாங்கி, நனைத்து, மாடிக் கொடியில் காயப்போட்டாள். கொரோனா வந்தபோது அவரை முடித்துவிடலாமா என்று ஓர் எண்ணம் வராமல் இல்லை. அப்போது எத்தனையோ பேர் போனார்கள், ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கணவனை இழந்தவள் மணப்பெண்ணின் தலையில் ஒரு பூ வைக்க முடியுமா? வானம் இடிந்து விழுந்துவிடாதா? எனவே நமசிவாயம் பிழைத்துக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் அவரோடு பழகிப்போனாள். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, இன்றைக்கு மாப்பிள்ளை மயங்கி விழுந்தார் தெரியுமா என்று அவருக்கு மனதுக்குள் சொல்வாள். அவர் சிரிப்பார். போன வருடம் கண்ணாடியில் தன் காதோரம் நரை கண்டபோது அவருக்கும் கொஞ்சம் நரை கொடுத்தாள். கட்டிய மனைவியர் பலபேருக்குக் கிடைக்காத அமைதியான கணவர்தான். ஆனாலும் மழை நாட்களில், கட்டிலின் மறுபாதி சில்லென்றுதான் இருந்தது.

இப்போது சின்னராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணவறை சோடிப்பவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கிருலப்பனையில் குடியேறியவர். மனைவி குப்பாயி இறந்து பல வருடம். மனைவியை இழந்த ஆண் மணவறை கட்டலாம், தோரணம் கட்டலாம், மாப்பிள்ளை உட்காரும் பலகையைக்கூடத் துடைத்து வைக்கலாம். அதில் ஒரு குற்றமும் இல்லையாம். இந்தச் சட்டத்தை எழுதினவன் அகப்பட்டால் நாலு கேள்வி கேட்கலாம், அகப்பட மாட்டான்.

சுதர்சினியும் சின்னராசாவும் ஒரே மண்டபங்களில் எத்தனையோ விடியற்காலைகளில் வேலை செய்திருக்கிறார்கள். அவர் அவளை "மிஸிஸ்" என்பார். பெண் அறைக்குள் ஒருபோதும் காலை வைக்கமாட்டார். தேத்தண்ணியை வாசல் முக்காலியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடி, "ஐயா சுகமா இருக்காரா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவருக்காக நமசிவாயத்துக்குச் சளி கிளி எதுவும் அவள் கொடுத்ததில்லை. "சுகம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மண்டபத்தில் எல்லோரும் அவரைச் சின்னராசா அண்ணே என்றார்கள். அவள் மட்டும் ஒரு நாளும் அண்ணே என்றதில்லை. "இங்க பாருங்க" என்பாள், "மணவறைக்காரர்" என்பாள். ஏன் என்று அவளிடம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது, அல்லது தெரிந்திருக்கும்.

கல்யாணக் கொந்தராத்து எடுத்து நடத்தும் சுப்புராமன் முதலாளி, மார்கழியில் தன் ஆட்களை எங்காவது ஒரு வார இறுதிக்குக் கூட்டிப்போவது வழக்கம். இந்த முறை கற்பிட்டிக்கு அப்பால் ஒரு குட்டித் தீவு. மழைக்கும் ஊர்ப்பயணத்துக்கும் மற்றவர்கள் கழன்றுகொள்ள, கடைசியில் வேனில் ஏறியது முதலாளி, அவர் மனைவி சிட்டாள், சுதர்சினி, சின்னராசா என்று நாலே பேர்தான்.

சிட்டாள் நல்லவள். ஆனால் அவள் காதில் விழுந்தது அன்று மாலைக்குள் வெள்ளவத்தை முழுக்க விழுந்திருக்கும். பெண் வீட்டார் எந்த அலங்காரக்காரியைப் பிடிப்பது என்று முதலில் கேட்பது அவளிடம்தான். அவள் சுதர்சினியைச் சொல்லுவாள், சொல்லும்போது "சுமங்கலி, கைராசிக்காரி" என்று சேர்த்துச் சொல்லுவாள்.

வேன் வத்தளையைத் தாண்டும்போது சிட்டாள் வெளியே கையைக் காட்டினாள். இங்கேதான் சின்னராசாவின் தங்கை அவருக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறாள் என்றாள். நல்ல பெண், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, இவருக்கு ஏற்ற வயது. பொங்கல் கழிந்ததும் பெண் வீட்டார் பேச வர இருக்கிறார்கள். வரச்சொல்வதா வேண்டாமா என்று இவர் திங்கட்கிழமை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"பொண்ணுக்கு நம்ம சுதர்சினிதான் சோடிக்கணும்," என்று சிட்டாள் முடித்துவிட்டு, ஒரு கொய்யாப்பழத்தை வெட்டி நாலு பேருக்கும் கொடுத்தாள்.

சுதர்சினி துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். முன் ஆசனத்தில் சின்னராசாவின் பிடரி தெரிந்தது. நீர்கொழும்பு போயிற்று, சிலாபம் போயிற்று. புத்தளத்துக்கு முன்பே வேன் இடதுபக்கம் திரும்பி, உப்பளங்களுக்கு நடுவே ஓடியது. அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்த மனிதரை இன்னொருத்தி கட்டுவதை அவளால் தாங்க முடியாது. அதைத் தடுக்க அவளிடம் இருக்கிற ஒரே வார்த்தையைச் சொன்னால், இனி எந்தப் பெண்ணின் தலையிலும் அவள் கை வைக்க முடியாது. சொல்ல இரண்டு நாள்தான் இருந்தது.

கற்பிட்டியில் அப்ஹாம் என்பவர் படகோடு காத்திருந்தார். தீவில் இருந்த ஓலைக் குடில்கள் அவருடையவை. மாரியில் அந்தக் கரையில் அலை கிடையாது. படகு போவதே தெரியாமல் போயிற்று. கரை பின்னால் சிறுத்துக்கொண்டே போய், தென்னைகள் ஒரு பச்சைக் கோடாகி, பிறகு கோடும் இல்லாமல் ஆனது. வெயில் இருந்தது, சுடவில்லை. சிட்டாளே பேச்சை நிறுத்திவிட்டாள் என்றால் அந்த அமைதி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தீவில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு முனையில் மீனவர் தங்கும் வாடிகள், வலை காயும் கம்புகள், கருவாட்டு மணம். மறு முனையில் இந்தக் குடில்கள். நடுவே முட்புதரும் மணலும், எங்கிருந்தோ வந்து சேர்ந்த இரண்டு கழுதைகளும். அப்ஹாமின் வீட்டுக்காரி நண்டுக் கறி சமைத்திருந்தாள். சாப்பிட்டதும் சுப்புராமன் முதலாளி மல்லாந்து தூங்கிப்போனார். அன்று பின்னேரம் முழுக்க யாரும் எதையும் செய்யவில்லை. கடல் நீலமாக இருந்தது, பிறகு பச்சையாக, பிறகு பால் கலந்த தேத்தண்ணி நிறமாக. வருடம் முழுக்க மற்றவர்களின் பெரிய நாளுக்காக ஓடித்திரியும் உடம்பு, யாருடைய நாளும் இல்லாத ஒரு நாளில் எப்படிக் கிடப்பது என்று தெரியாமல் முதலில் தவித்தது, பின்னர் மணலோடு மணலாகக் கிடந்தது. சுதர்சினி கண்ணை மூடினால் வேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திறந்தால் ஒரு பறவை ஒற்றைக் காலில் நின்றது.

மறுநாள் விடியும் வேளையில் எழுந்துகொண்டாள். வேலை நாட்களில் மணப்பெண்ணுக்கு எண்ணெய் வைத்துத் தலை முழுகவைக்கிற நேரம் அது, உடம்பு மறக்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். பனி இறங்கியிருந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்தாள். நடக்க நடக்க முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது தீவைக் காணவில்லை.

எதிரே நமசிவாயம் வந்துகொண்டிருந்தார்.

அவர்தான். நீலக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். காதோரம் அவள் கொடுத்த நரை அப்படியே இருந்தது. முகத்தை மட்டும் பனி மறைத்தது, அல்லது முகத்தை அவள் ஒருபோதும் சரியாக யோசித்து வைக்கவில்லை.

"வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"லீவு கெடச்சுது," என்றார்.

கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சின்ன மீன்கள் காலைச் சுற்றி வந்தன, இருவர் காலையுமா ஒருத்தி காலை மட்டுமா என்று அவள் குனிந்து பார்க்கவில்லை. வத்தளைப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். சின்னராசாவைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது, என்ன இருந்தாலும் இவ்வளவு காலம் கணவர். அவர் கோபப்படவில்லை. கோபப்பட அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"நான் செத்தா ஒன் தொழில் போயிரும்," என்றார் அவர் யோசித்தபடி. "இருந்தாலும் கஷ்டம். அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

"பொறக்காம இருந்துருங்க."

எத்தனை வருடம் அவளுக்காகச் சளி பிடித்தவர், லீவு கிடைக்காமல் ஏங்கியவர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர். அவருக்கென்று ஒரு தாயைக்கூட அவள் உண்டாக்கிக் கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. அவர் தலையை ஆட்டினார். மடித்த காற்சட்டையோடு வந்த வழியே திரும்பி நடந்தார். வாடிப் பக்கமிருந்து ஒரு படகின் இயந்திரம் புறப்பட்டது. சூரியன் எழும்பி, பனி கலைந்து, கடல் வெறும் கடலாக இருந்தது. சுதர்சினி அழுதாள். செத்த வீட்டில் அழுவதுபோல, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். பிறகு அந்தத் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு கரைக்கு வந்தாள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளியும் சிட்டாளும் குடில் நிழலில் இருந்தார்கள். சின்னராசா கடற்கரையில் ஒரு தென்னை மட்டையைப் போட்டுக்கொண்டு ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். கை சும்மா இருக்கத் தெரியாத மனிதர், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தோரணம் பின்னிக்கொண்டிருந்தார். சுதர்சினி போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அவர்தான் முதலில் பேசினார், வழக்கம்போல முகத்தைப் பார்க்காமல், மணலிடம். வத்தளைக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். தனக்கு ஒன்றும் ஓடவில்லை என்றார். நீங்கள் குடும்பம் நடத்துகிறவர், நல்லது கெட்டது தெரியும், நீங்கள் சரி என்று சொன்னால் வரச்சொல்லிவிடுகிறேன் என்றார்.

"நான் குடும்பம் நடத்தல," என்றாள் சுதர்சினி. "எனக்குக் கல்யாணமே ஆகல. நமசிவாயம்னு ஒரு மனுஷன் பொறக்கவே இல்ல. தொழிலுக்காக நானாக் கட்டின கதை."

ஓலை கிழிக்கிற சத்தம் நின்றது.

"லீவுல வந்தாரே," என்றார் அவர் கடைசியில். "கொட்டாஞ்சேனை மாடில சட்டை காஞ்சுதே. நானே பார்த்தேன்."

கிருலப்பனைக்காரருக்குக் கொட்டாஞ்சேனை மாடியில் என்ன வேலை என்று கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை. "சட்டை நான் வாங்கினது, புறக்கோட்டைல," என்றாள்.

அவர் முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவளால் படிக்க முடியவில்லை. ஏமாற்றப்பட்ட ஒரு மனிதர் மட்டும் தெரிந்தார். ஓலையைக் கீழே வைத்தார், மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார், கடலோரமாக இடதுபக்கம் நடக்கத் தொடங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. முட்புதர் திருப்பத்தில் மறைந்துபோனார்.

சிட்டாள் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தாள். அவர் ஏன் எழுந்து போகிறார், நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டாரிலிருந்து இன்றைக்குப் போன் வந்ததா, இந்தத் தீவில் சிக்னல் எடுக்குதா என்றும் கேட்டாள்.

இந்த இடத்தில் சுதர்சினி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. சின்னராசா வாயைத் திறக்கிற ஆள் இல்லை. தொழில் அப்படியே இருந்திருக்கும், தையில் கல்யாணங்கள் வரிசையாக நிற்கின்றன. போன மனிதர் எப்படியும் போய்விட்டார். ஆனால் காலையில் தண்ணீருக்குள் ஒருவரை அனுப்பிவிட்டு வந்தவள் அவள். அவரைத் திரும்பவும் கூப்பிட்டு, சளி பிடிக்கவைத்து, போன் பேசவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அக்கா, அந்த மாதிரி எனக்கு ஒருத்தர் கெடையாது," என்று தொடங்கி, மாமி சீப்பைப் பிடுங்க வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சிட்டாள் கையில் தேத்தண்ணி ஆறிப்போயிற்று. சுதர்சினி எதிர்பார்த்த கூச்சல் வரவில்லை.

"என் ரெண்டு மகளுக்கும் நீதானே தலை பின்னிப் பூ வச்ச," என்றாள்.

"ஆமாக்கா."

"ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காளுக," என்றாள் சிட்டாள், தனக்குத் தானே சொல்வதுபோல. கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்து, குடில் பக்கம் நாலு எட்டு வைத்து, நின்று, திரும்பி ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள். அவள் ஊருக்குப் போய் என்ன சொல்வாள் என்று கணிக்க முடியாது. தொழில் போனதென்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சுதர்சினி நினைத்தாள்.

அதன் பிறகு அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கழுதைகள் வந்து அவர் கிழித்துப்போட்ட ஓலையை முகர்ந்துவிட்டுப் போயின. வெயில் தலைக்கு மேலே ஏறியது. தண்ணீர் கரைக்கு வந்து, யோசித்து, திரும்பிப் போயிற்று. இனிக் கையை என்ன செய்வது என்று பார்த்தாள். எத்தனை பெண்களின் ஈரத் தலை பட்ட கை. ஒருத்தி நடுங்கினாள், ஒருத்தி தூங்கிவிழுந்தாள், ஒருத்தி மணவறைக்குப் போகமாட்டேன் என்று அவள் மடியில் படுத்துக்கொண்டாள். அவர்கள் ஒவ்வொருவரையும் அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காகத்தானே இந்தப் பொய் இவ்வளவு காலம் நின்றது. அவளுக்குத் துக்கமாக இருந்தது, ஆனால் உடம்பு பஞ்சாக மிதந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று கேட்டால் அந்தத் தீவில் போய்த்தான் கேட்க வேண்டும்.

யாரோ வருகிற சத்தம் கேட்டது. இடதுபக்கம் போன சின்னராசா வலதுபக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"உங்களை விட்டுட்டுப் போயிரணும்னுதான் நடந்தேன்," என்றார். "தீவு முடிஞ்சு போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் பயமாகவும் இருந்தது. அவர் உட்கார்ந்தார், முந்தி இருந்ததைவிடக் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதை தன்னோடு நிற்கும், வெளியே போகாது, சிட்டாள் அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். அக்காவிடமே சொல்லிவிட்டேன் என்றாள் அவள். சின்னராசாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தொழிலு?"

"போகட்டும்."

"நான் இந்தப் பக்கமா வராம இருந்திருந்தா?"

"அது எனக்குத் தெரியல," என்றாள் சுதர்சினி. "வத்தளைப் பொண்ணு தலையில என் கையால பூ வைக்க முடியாது. அது மட்டுந்தான் தெரிஞ்சுது."

சின்னராசா கீழே கிடந்த ஓலையை எடுத்து மடித்தார். வருடா வருடம், குப்பாயியின் திதி முடிந்த மறுநாள் கோயிலுக்குப் போய், தன் பெயருக்கு ஓர் அர்ச்சனையும் கட்டாரில் இருக்கும் ஐயாவின் பெயருக்கு ஓர் அர்ச்சனையும் செய்துவந்ததாகச் சொன்னார். நட்சத்திரம் கேட்பார்களாம். தெரியாது, சாமி நட்சத்திரத்துக்கே பண்ணுங்கள் என்பாராம்.

பிறக்காத ஒருவருக்கு வருடந்தோறும் அர்ச்சனை நடந்திருக்கிறது. சுதர்சினிக்கு அந்த இடத்திலேயே மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவர் சீக்கிரம் திரும்பி வரணும் என்றா கும்பிட்டீர்கள் என்று மெல்லக் கேட்டாள்.

சின்னராசா குனிந்துகொண்டார். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"இல்லங்க," என்றார். "நல்லா இருக்கணும், ஆனா அங்கயே இருக்கணும்னு கும்பிட்டேன்."